காணாதவரிடத்தில் அன்புகூருதல்: அரக்கோணம் வாசகர் ஒருவரின் கேள்வி

14 பிப்ரவரி 2024, இரவு. அரக்கோணம் வாசகர் கேட்டது

இன்று சாம்பல் புதன் ஆராதனையில் எங்கள் ஆயர், "அவரை நீங்கள் காணாமலிருந்தும் அவரிடத்தில் அன்புகூருகிறீர்கள்" என்ற பேதுருவின் வசனத்தை எடுத்துப் பேசினார். என் மனைவி இறந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. இப்போது அவளைக் காண முடியாது. ஆனாலும் நேசிக்கிறேன், ஏனென்றால் முப்பத்தொரு ஆண்டுகள் அவளைக் கண்டேன். அவள் வைத்த ரசத்தின் மணம்கூட எனக்கு மறக்கவில்லை. கடவுளை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவருக்குப் பயப்படுகிறேன், அவரை நம்புகிறேன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன். நேசிக்கிறேன் என்று சொல்லும்போது மட்டும் வாய் கூசுகிறது. காணாத ஒருவரை நேசிப்பதாகச் சொல்வது வெறும் பழக்கச் சொல்தானா? ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாமல் யாராவது உண்மையான பதிலைச் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி, காலை

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நமக்கு நேர்கிறவற்றை நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம்: எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கிறது. இவற்றில் 'நான்' எழுவாய் இல்லை. அவை வருகின்றன, போகின்றன, நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பசிக்கும்படி யாருக்கும் கட்டளையிட முடியாது. நம் வேதாகமத்தில் இருக்கும் சொல்லோ 'அன்புகூருதல்'. அதற்கு 'நான்' எழுவாய் வேண்டும். 'உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் அன்புகூருவாயாக' என்று அது கட்டளையாகவும் வருகிறது. கூர்தல் என்றால் மிகுதல். இன்றைக்கும் மனு எழுதும்போது 'தயைகூர்ந்து' என்று எழுதுகிறோமே, அதே கூர்தல். தயை தானாகப் பொங்கி வரட்டும் என்று நாம் அதிகாரியிடம் கேட்பதில்லை, தயையைச் செய்யுங்கள் என்றே கேட்கிறோம்.

உங்கள் மனைவியை உங்களுக்குப் பிடித்திருந்தது. அவரிடத்தில் நீங்கள் அன்பும் கூர்ந்தீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டதால் அவை வெவ்வேறு என்பது தெரியாமல் போயிருக்கலாம். கடவுளிடத்தில் முதலாவது இல்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். இரண்டாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதே என் எண்ணம்.

15 பிப்ரவரி, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மனைவியை இழந்த ஒருவர் கேட்டதற்கு இலக்கணம் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று நினைக்கவில்லை. ஆனால் முதலில் சொல்லவேண்டியது அதுவன்று. உங்கள் வாய் கூசுவதைப்போல எனக்கும் கூசியிருக்கிறது. என் தந்தை 1996-இல் இறந்தபின் நான்கைந்து ஆண்டுகள் என் ஜெபம் எப்படி இருந்தது என்றால், ஆமென் சொல்லி முடித்த மறுகணமே, ஜெபித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது; உலையில் அரிசி போட்டோமா என்று மூடியைத் திறந்து பார்ப்பதுபோலத் திரும்பவும் முழங்காலில் நிற்பேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த வசனம் அன்புகூருதலோடு நின்றுவிடுவதில்லை. 'சொல்லிமுடியாத சந்தோஷம்' என்றும் 'களிகூர்ந்து' என்றும் அது தொடர்கிறது. களிப்புக்கும் அதே கூர்தல்தான் வருகிறது. ஆகவே உணர்வை முற்றிலும் வெளியே தள்ளிவிட்டு, அன்பு என்பது செயல் மட்டுமே என்று நான் சொல்லிவிட முடியாது.

18 பிப்ரவரி, ஞாயிறு

என் தந்தையைப் பற்றி எழுதுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்வதைவிட அதுவே உங்களுக்கான என் பதில்.

அவர் குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளர். குழித்தறியில் கைலி நெய்தார். 1967-இல் அவருடைய வலக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கமாக மடங்கத் தொடங்கின. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே முழங்கைக்குக் கீழே உணர்ச்சியற்ற ஒரு தேமல் இருந்திருக்கிறது. பாவு போடும் அவசரத்தில் யார் அதைப் பார்ப்பார்கள்? தொழுநோய் என்று தெரிந்தபோது கரிகிரிக்குப் போகச் சொன்னார்கள். காட்பாடிக்கு அருகே 1955-இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. மாத்திரையால் நோய் அடங்கியது. பிறகு கையில் அறுவை செய்தார்கள். வேறு வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இழுத்துத் தைத்துவிடுவது அந்த முறை. அந்தத் தசை தன் பழைய வேலையை மறந்து புது வேலையைக் கற்றுக்கொள்ளும்வரை வாரக்கணக்கில் பயிற்சி கொடுப்பார்கள். விரல்கள் நிமிர்ந்தன. அப்பா தறிக்குத் திரும்பினார்.

விரல் நிமிர்ந்ததே தவிர, உணர்ச்சி திரும்பவில்லை. போன நரம்பு போனதுதான். நாளடைவில் இடக்கையிலும் பாதங்களிலும்கூட உணர்ச்சி குறைந்துபோயிற்று. இழை அறுந்தால் மற்ற நெசவாளர்கள் விரலால் தடவிக் கண்டுபிடித்துப் பேச்சை நிறுத்தாமலே முடிச்சுப் போடுவார்கள். அப்பா நாடாவை நிறுத்திவிட்டு, குனிந்து, கண்ணால் தேடித்தான் முடிச்சுப் போடுவார்.

தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அது அப்படி இல்லை என்று 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் கண்டறிந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது, அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. நோய் விரலைத் தின்பதில்லை. அது வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாத கை தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இரவில் தூங்கும்போது எலி கடித்து விரல் போனவர்களும் உண்டு என்பது தெரிந்தபின், வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் வீட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை அப்பாவின் கால்மாட்டில் படுத்துக் கிடக்கும். அதை யாரும் விரட்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்பா முக்காலியில் உட்கார்ந்து கால்களை ஒரு பேசின் தண்ணீரில் ஊறவைப்பார். காய்த்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேய்ப்பார். எண்ணெய் தடவுவார். அரிக்கேன் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக, முன்பக்கம், பின்பக்கம், இடுக்கு என்று பார்ப்பார். பாதத்தின் அடிப்பக்கம் அவருக்குத் தெரியாது. அதைப் பார்ப்பது என் வேலை. "அடியில என்ன இருக்கு, பாரும்மா" என்பார். நான் முள், கொப்புளம், சிவப்பு என்று ஏதாவது கண்டால் சொல்வேன். அதற்குள் அவர் நூற்றுமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கியிருப்பார். அதுதான் எங்கள் குடும்ப ஜெபம். அதற்கென்று வேறு நேரம் கிடையாது.

ஜெபத்துக்குக் கைகளைக் குவிக்கும்போது அவர் ஒன்று செய்வார். உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்தியது அவருக்குத் தெரியாது. ஆகவே கண்ணைத் திறந்து, இரண்டு கைகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார். அதன்பிறகே கண்ணை மூடுவார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, "தொட்டா தெரியாத கை எப்படிப்பா உன் கையாகும்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியலன்னா என் கை இல்லன்னு ஆயிடுமா? தெரியாததாலதான் அதை இன்னும் கூடுதலாப் பார்த்துக்கணும்" என்றார்.

19 பிப்ரவரி

கடவுளை மரத்துப்போன கையோடு ஒப்பிடுவது சரியில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் தெளிவாக எழுதவில்லை, மன்னிக்கவேண்டும். கடவுளை நான் கைக்கு ஒப்பிடவில்லை. மரத்துப்போனது என் நெஞ்சு. அது தொடப்படுகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியவில்லை என்பதாலேயே தொடுகிறவர் இல்லை என்று ஆகிவிடாது. அப்பா விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு தினமும் பார்த்ததைப்போல, உணர்ச்சி இல்லாத நாட்களில் நான் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது என்பதற்கு இன்னும் என்னிடம் சரியான விடை இல்லை.

24 பிப்ரவரி

திருப்பத்தூரிலிருந்து எழுதும் தமிழ் மாணவர் பிசிராந்தையாரை நினைவூட்டியிருக்கிறார். நான் அல்லவா முதலில் நினைத்திருக்கவேண்டும்! உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனமொடிந்த சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையாருக்கும் ஓரிடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். கண்டதே இல்லாதவர் வருவாரா என்று அருகிலிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அவர் வந்தார், தாமும் உயிர் துறந்தார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் காட்டும் சான்றும் இவர்களே. ஆகவே காணாமல் அன்புகூருவது கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த புதுமை என்று யாரும் தமிழரிடம் சொல்லவேண்டியதில்லை. இந்த மண்ணில் அது பழைய சரக்கு.

இருந்தாலும் ஒரு வேறுபாடு என்னை விடவில்லை. ஆந்தையார் கடைசியில் வந்துவிட்டார். ஒதுக்கிய இடம் நிறைந்தது. 'எங்கள் கடவுளும் வந்தாரே' என்று மாணவர் கேட்கிறார். வந்தார், ஆனால் நீங்களும் நானும் அப்போது இல்லை. பேதுருவின் கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடியும் படித்தேன். எழுதுகிற பேதுரு இயேசுவைக் கண்டவர். ஒரே படகில் போனவர், ஒரே தட்டில் தின்றவர், கோழி கூவுமுன் மறுதலித்தவர். கடிதம் போனதோ பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற தூர நாடுகளில் சிதறியிருந்த, அவரைக் காணாத மக்களுக்கு. 'நாம் காணாமலிருந்தும்' என்று அவர் எழுதவில்லை, 'நீங்கள்' என்று எழுதுகிறார். கண்டும் மறுதலித்த ஒருவர், காணாமலே நேசிக்கிறவர்களை வியந்து எழுதிய வரி அது. நாற்பது ஆண்டுகளாக அதை நான் ஒரு கடமையாகப் படித்திருக்கிறேன். இப்போது அது பாராட்டாகத் தெரிகிறது. அரக்கோணத்து ஐயா, வாய் கூசுகிற உங்களையும் சேர்த்துத்தான் அவர் சொல்கிறார்.

2 மார்ச்

வாணியம்பாடி வாசகர் பாலாற்றை உவமையாக்கியிருக்கிறார்: மேலே மணல், அடியில் நீர், காணவில்லை என்பதால் ஆறு இல்லை என்று சொல்லலாமா? முதலில் படித்தபோது கண் கலங்கியது. பள்ளிகொண்டாவில் பாட்டி வீட்டுக்குப் போனால் கொட்டாங்குச்சியால் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்திருக்கிறோம். முதலில் ஈரம் கசியும், பிறகு கலங்கல் வரும், அதை இறைத்துக் கொட்டிவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் பளிங்குபோல நீர் நிற்கும்.

இருந்தும் இந்த உவமையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். தோல் பதனிடும் கழிவு இறங்கி அடிநீர் உப்பாயிற்று. அதற்காக வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடியில் நீர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கு அந்த நீர் நிலைக்கவில்லை. கடவுள் கெட்டுப்போவார் என்று சொல்லவில்லை. அவரிடத்தில் நமக்குள்ள அன்பு கெட்டுப்போகலாம், மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் அதை அறிந்து சொல்கிறேன். ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

4 மார்ச்

அரக்கோணத்து ஐயாவின் புதிய கேள்விக்குச் சுருக்கமாக: மனைவியை இன்னும் நேசிப்பது கடவுளை நேசிப்பதற்குத் தடையா? இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் அந்த ரசத்தின் மணத்துக்கு நீங்கள் மனைவியிடம் எத்தனை முறை நன்றி சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது. இப்போது சொல்லவேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? அந்த நன்றி யாரிடம் போகிறது என்று பாருங்கள்.

9 மார்ச்

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் தந்தைக்கு நோய் முற்றிலும் குணமாகி, யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த பிறகும், நாங்கள் போய்வந்த சபையில் திருவிருந்தின்போது அவர் கடைசியாகத்தான் எழுந்து போகவேண்டியிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே பாத்திரத்தில் எல்லோரும் அருந்தும் வழக்கம். அவர் முன்னால் போனால் பின்னால் வருகிறவர்களின் வரிசை தயங்கி நிற்கும். ஒருமுறை அப்படி நின்றதைக் கண்டார். அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் போய்த் திரும்பும்வரை உட்கார்ந்திருப்பார். எனக்குப் பதினான்கு வயது. அந்தச் சபையின்மேல் எனக்கு ஆத்திரம். காணாத தேவனைப் பாடுகிறவர்கள், கண்முன் நிற்கும் மனிதனோடு ஒரு பாத்திரத்தில் குடிக்க மாட்டார்களா என்று வீட்டுக்கு வந்து அழுதேன். 'தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?' என்ற யோவானின் வசனத்தை அப்போது மனப்பாடம் செய்தேன். அவர்களுக்கு எதிராகச் சொல்வதற்கென்றே மனப்பாடம் செய்தேன். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "கடைசியில போனா பாத்திரத்துல இருக்கறது முழுக்க நமக்குத்தானே."

அதே வசனம் இப்போது என்னைப் பார்த்துக் கேட்கிறது. எனக்கு ஒரு தம்பி உண்டு. ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. பழைய வீட்டைப் பிரித்து எடுத்தபோது அப்பாவின் தறியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விறகுக்கு விற்றுவிட்டான். அந்தத் தறியின் மரத்தில் அப்பாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் ஒன்று இருந்தது. அது எரிந்த அடுப்பு எந்த வீட்டு அடுப்போ, தெரியாது. அவன் செய்தது தவறு, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யோவான் 'தவறு செய்யாத சகோதரன்' என்று எழுதவில்லை. இந்த ஒன்பது ஆண்டுகளும் நான் தினமும் ஜெபித்தேன், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன், காணாத தேவனிடத்தில் அன்புகூருகிறேன் என்று பாடினேன்.

பாலாற்றைப் பற்றி நான் எழுதியது இதைத்தான்.

10 மார்ச்

நேற்றைய குறிப்பை நீக்கிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். நீக்கவில்லை. தம்பியின் தரப்பு இங்கே இல்லை என்பதை மட்டும் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

17 மார்ச்

என் பக்கத்து வீட்டு அம்மாள் சைவர். நேற்று மாலை மாடியில் துணி எடுக்கும்போது இந்த விவாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் மூர்த்தி இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல்தான் கொண்டுவந்து மறுபடியும் வைத்தார்கள். அதற்குமுன் அவருடைய தாயார் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்த வெறும் கருவறைக்கு முன்னே நின்று கும்பிட்டுவிட்டு வருவாராம். 'உள்ளே ஒன்றுமில்லையே அம்மா' என்று சிறு பெண்ணாகக் கேட்டதற்கு, 'இது அவர் வீடு, வெளியே போயிருக்கிறார்' என்று பதில் வந்ததாம். 1981-இல் லிங்கம் வந்தபோது தாயார் உயிரோடு இருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்று இரவெல்லாம் பேசவே இல்லையாம்.

என் விசுவாசம் வேறு, அவருடையது வேறு. இரண்டையும் நான் குழப்பவில்லை. அதே கோட்டைக்குள் 1846-இல் கட்டிய பரிசுத்த யோவான் ஆலயத்தில் நான் எத்தனையோ முறை ஆராதித்திருக்கிறேன். சில நூறு அடி தூரத்தில் ஒரு பெண் வெறும் இடத்துக்கு முன்னே அவ்வளவு பொறுமையாக நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. அவரைக் கண்டிருந்தால் வணங்கியிருப்பேன்.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து குருத்தோலையைப் படத்துக்குப் பின்னே செருகிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. தம்பி மனைவி. "அண்ணி, அவருக்குக் கால்ல புண்ணு, ஆறவே மாட்டேங்குது. சர்க்கரை ஏறிக்கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பார்" என்றாள். ஒன்பது ஆண்டுகள் பேசாத நான் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான் என்று எனக்குப் புரியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

என்ன செய்யவேண்டும் என்று கடவுள் எனக்குச் சொல்லட்டும் என்று உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இந்த லெந்து நோன்பு நாட்களில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஒரு குரலை எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது. வேலூரில் வாழ்கிறவள் ஐடா ஸ்கடரை மறந்திருக்கக்கூடாது. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண்ணின் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவரும் உயர்குடி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை மூவருமே ஏற்க மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவருக்கு வந்த அழைப்பு அதுதான். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பிவந்து ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் இன்று நம் ஊரில் நிற்கும் மருத்துவமனை. அந்த இரவில் வானம் திறந்ததாக அவர் சொல்லவில்லை. கதவு தட்டப்பட்டது, திறந்தார், மனிதர்கள் நின்றார்கள்.

30 மார்ச், சனிக்கிழமை

நேற்று பெரிய வெள்ளி. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்டுவிட்டு, இன்று காலை பேருந்தில் குடியாத்தம் போனேன்.

தம்பி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. "வாக்கா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. நானும் தறியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று பேருந்தில் எத்தனையோ வாக்கியங்கள் செய்துவைத்திருந்தேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். வெயிலைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசினோம். நடுநடுவே பேச்சு நின்றுபோயிற்று. செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு வரச் சம்மதித்திருக்கிறான்.

மன்னிப்பு நடந்ததா என்று கேட்டு நீங்கள் எழுதவேண்டாம். எனக்கே தெரியவில்லை.

31 மார்ச், உயிர்ப்பு ஞாயிறு

விடியற்கால ஆராதனையில், இருட்டில் மெழுகுவர்த்திகளை ஒன்றிலிருந்து ஒன்றாக ஏற்றிக்கொண்டு வரும்போது, காரணம் சொல்ல முடியாத ஒரு மகிழ்ச்சி வந்தது. நான்காம் வேற்றுமை மகிழ்ச்சி. எனக்கு வந்தது, நான் செய்ததில்லை. ஏழெட்டு ஆண்டுகளாக வராதது. பாட்டு முடியும்வரை இருந்தது. பிப்ரவரி 15 அன்று நான் எழுதிய இரண்டு குறிப்புகளில் இரவில் எழுதியதே சரி.

7 ஏப்ரல், தோமாவின் ஞாயிறு

இன்றைய பாடத்தில், உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீடர் தோமா வந்தார். அப்பாவுக்குத் தோமாவை மிகவும் பிடிக்கும். தொட்டுப் பார்த்தாலும் தெரியாத விரல்களை உடைய அவர் அந்த அதிகாரத்தை எங்களைவிடக் கூர்ந்து படித்திருந்தார். "தோமா தொட்டான்னு எங்கயும் எழுதல. விரலை நீட்டுன்னு அவர் சொன்னார், இவன் 'என் ஆண்டவரே'ன்னுட்டான். காயத்தைப் பார்த்ததே போதும்னு ஆயிடுச்சு" என்பார். யோவான் இருபதாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பா சொன்னது சரி. தொட்டதாக ஒரு சொல்லும் இல்லை.

தம்பியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டி, வியாழக்கிழமை அனுப்பினார்கள். சர்க்கரையால் பாதத்தின் நரம்பு போய்விட்டதாம். தொழுநோயாளிகளின் பாதங்களில் வேலூரில் கற்றதையே டாக்டர் பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார் என்பதை நான் படித்திருந்தேன். அது எங்கள் வீட்டுக்கே வரும் என்று நினைத்ததில்லை. சில நாட்கள் அவன் என் வீட்டில்தான் இருக்கிறான், காட்பாடியிலிருந்து கட்டு மாற்றப் போவது சுலபம் என்பதால்.

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பேசினில் தண்ணீர் பிடித்தேன். கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு மற்றக் காலை ஊறவைத்தேன். சுடுகிறதா என்று முழங்கையால் பார்த்துக்கொண்டேன், அவனுக்குத் தெரியாதே. துடைத்து, எண்ணெய் தடவி, செல்போன் விளக்கைப் போட்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே, அடிப்பக்கத்தில், ஒரு மிளகு அளவுக்குச் சிவந்திருந்தது. மருத்துவமனையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது புண் இருந்த கால். "இங்க வலிக்குதா?" என்றேன். "எங்க?" என்றான். விரலை அழுத்தி வைத்தேன். "தெரியலக்கா" என்றான்.

செருப்பைத் திருப்பிப் பார்த்தோம். உள்ளே ஓர் ஆணியின் முனை மேலே வந்திருந்தது. அவன் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவுக்கு நீதான பாப்ப, அடியில" என்றான்.

அரக்கோணத்து ஐயா, நாளை காலை முதல் வேலையாகச் செருப்புக் கடைக்குப் போகவேண்டும். உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்தது வேண்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.